இலை உதிரும் மாதங்களில் என்ன செய்யலாம்?

(கெடா மாநிலத் தோட்டக் கிளை ஒன்றின் பொதுக்கூட்டத்தில், செயற்குழுவின் சார்பில் தோட்டக் கிராணி ஒருவர் ஆற்றிய உரை)

 

மாசி பிறந்துவிட்டது. மேட்டுக் காட்டில் இலை பழுத்து உதிர்கிறது. காலடியில் சருகு, அண்ணாந்து பார்த்தால் வெறும் வானம். மரம் தன் சத்தையெல்லாம் புதுத் தளிருக்குக் கொடுக்கிறது; மங்குக்குப் பால் குறைகிறது. இதை உங்களுக்கு நாங்கள் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. உங்கள் வாளி சொல்லும். எங்கள் செக்ரோல் சொல்லும். அந்தச் செக்ரோலை எழுதும் கை எங்களுடையது என்பதால் ஒன்று கூறுவோம். பொங்கலுக்கும் பள்ளிக்கூடச் சாமான்களுக்கும் வாங்கிய கடன் அடைபடாமல் நிற்கும் வேளையில்தான் வரவும் இறங்குகிறது. முன்பணம் கேட்டு எங்கள் மேசைக்கு அதிகமாக ஆட்கள் வருவதும் இந்தப் பருவத்தில்தான்.

இந்த மாதங்களுக்கென்றே நம் கிளை மூன்று பருவங்களாகக் கைத்தொழில், தோட்டப் பயிர், வீட்டுச் சமையல் ஆகியவற்றிற்குப் பயிற்சி வகுப்புகள் நடத்தி வருகிறது. நான்காம் பருவம் தொடங்கப் போகிறது. சென்ற செயற்குழுக் கூட்டத்தில் நம் பெரியவர் ஒருவர் எழுந்து, "தம்பிமார்களே, சம்பளத்துக்குச் சண்டை போட வேண்டிய சங்கம் பூச்செய்யவும் கீரை ஆயவும் கிளம்பிவிட்டதே, இது சரியா?" என்று கேட்டார். அவர் கேட்டது நியாயமான கேள்வி. நாற்பது ஆண்டு சந்தா கட்டியவருக்கு அதைக் கேட்க உரிமை உண்டு. அதற்குப் பதில் சொல்லவே இன்று இந்த மேடைக்கு வந்தோம்.

முதலில் சம்பளம். இதில் மயக்கம் வேண்டாம். 2013ஆம் ஆண்டு தீபகற்ப மலேசியாவில் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 900 வெள்ளி என்று நடைமுறைக்கு வந்தது. 2022இல் 1,500 வெள்ளி. 2025 பிப்ரவரி முதல் 1,700 வெள்ளி. கீரைப் பாத்தி போட்டதைப் பார்த்து மனமிரங்கி எவரும் இந்தத் தொகையை உயர்த்தவில்லை. கேட்டதனால் உயர்ந்தது, திரும்பத் திரும்பக் கேட்டதனால் உயர்ந்தது. நாளை எவராவது, "உங்களுக்குத்தான் காய்கறி வீட்டிலேயே விளைகிறதே, சம்பளம் எதற்குக் கூட வேண்டும்?" என்று சொல்வாரானால், அந்தப் பேச்சுக்கு நம் கிளை ஒரு நாளும் தலையாட்டாது. வெண்டைக்காய் விற்ற காசு வேறு, உழைப்புக்குரிய கூலி வேறு. இரண்டையும் ஒரே பத்தியில் எழுதும் கணக்கு எந்தக் கிராணிப் படிப்பிலும் கிடையாது.

பின் ஏன் இந்த வகுப்புகள்? நடந்ததைச் சொல்கிறோம், கேளுங்கள்.

முதல் பருவத்தில் கையில் எடுத்தது கித்தா இலைப் பூ. மரம் நமக்குப் பால் தர மறுக்கும் நேரத்தில் தாராளமாகத் தருவது இலை ஒன்றைத்தான். அந்த இலையின் சதையை அழுகவிட்டு, நரம்பை மட்டும் எடுத்து, சாயம் ஏற்றிப் பூவாகக் கட்டும் வேலை இந்த நாட்டில் வெகுகாலமாக இருக்கிறது. பக்கத்துக் கம்பத்து மக்சிக் ஒருவர் நம் பெண்களுக்கு அதைக் கற்றுக்கொடுத்தார். காசு வாங்க மறுத்துவிட்டார்; முறுக்கு மட்டும் வாங்கிக்கொண்டார்.

செய்முறை இதுதான். காய்ந்து நொறுங்கும் சருகு உதவாது; முற்றிப் பழுத்து, விழும் தறுவாயில் உள்ள முழு இலை வேண்டும். பூச்சி அரித்தது, ஓட்டை விழுந்தது எல்லாம் தள்ளுபடி. மூடியுள்ள வாளியில் நீர் நிறைத்து இலையை அமிழ்த்தி, மேலே ஒரு பலகை வைத்து, வாரக்கணக்கில் ஊறவிட வேண்டும். நாற்றம் எடுக்கும், சாதாரண நாற்றம் அல்ல! ஒட்டுப்பால் மூட்டையோடு ஒரே லாரியில் பயணம் செய்து பழகிய நாமே முகம் சுளித்தோம் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். ஆகவே வாளியை லயத்துக்கு எட்ட வையுங்கள். சதை வழவழவென்று கழன்று வரும் பக்குவத்தில் எடுத்து, தட்டில் விரித்து, பழைய பல் துலக்கும் தூரிகையால் நடு நரம்பிலிருந்து ஓரம் நோக்கி மெல்லத் தட்டித் தேய்க்க வேண்டும். இழுத்துத் தேய்த்தால் கிழியும். இந்தக் கை நிதானம் பால்வெட்டும் பெண்களுக்குச் சொல்லிக் கொடுக்காமலே வந்தது. மரத்தில் காயம் படாமல் பட்டையைச் சீவி எடுக்கிற கைக்கு இலை நரம்பு எம்மாத்திரம்? எங்களைப் போன்ற எழுத்துக்காரர்கள் எடுத்த இலைதான் வலை கிழிந்தாற்போல் ஆயிற்று.

பிறகு துணி வெளுக்கும் மருந்தில் நனைத்து, கழுவி, சாயத்தில் முக்கி, நிழலில் உலர்த்த வேண்டும். இங்கே ஓர் எச்சரிக்கை. வெளுப்பு மருந்தோடு எந்த அமிலமும் சேரக்கூடாது. பால் உறைய வைக்கும் அமிலம் இருந்த வாளியிலோ தகரத்திலோ அந்த மருந்தை ஊற்றாதீர்கள். நச்சுப்புகை கிளம்பும்; அது நெஞ்சை அடைக்கும். பிள்ளைகளை அருகில் விடாதீர்கள். கையுறை போடுங்கள். கதவைத் திறந்து வைத்து வேலை செய்யுங்கள்.

பூ ஆயிற்று, விற்பனை? முதல் பருவத்தில் பட்டணத்துக் கடைக்காரர் ஒருவர் மொத்தமாக எடுத்துக்கொண்டார். அவர் கொடுத்த விலையைக் கம்பிக்கும் சாயத்துக்கும் போன செலவோடு சேர்த்துப் பார்த்தால், ஒரு பெண் மூன்று பிற்பகல் உட்கார்ந்ததற்கு மிஞ்சியது ஒரு சட்டித் தேநீர்க் காசு. நம் பெண்கள் பேசாமல் இருந்துவிடவில்லை. மறு பருவம் அவர்களே கோயில் திருவிழாவிலும் தமிழ்ப்பள்ளி விளையாட்டுப் போட்டியிலும் மேசை போட்டு விற்றார்கள். இங்கேதான் கிராணி வேலை பயன்பட்டது. கம்பி இவ்வளவு, சாயம் இவ்வளவு, பேருந்துக் கட்டணம் இவ்வளவு, உட்கார்ந்த மணி இவ்வளவு என்று ஒரு நோட்டில் எழுதச் சொன்னோம். அந்த நோட்டு ஆயக் கொட்டகைச் சுவரில் கயிற்றில் தொங்குகிறது. எவர் வேண்டுமானாலும் புரட்டலாம். பூட்டிய மேசைக்குள் இருக்கும் கணக்கு எவ்வளவு நேர்மையானதாக இருந்தாலும் சந்தேகம் வளர்க்கும் என்பது எங்கள் அனுபவம்.

உழைத்த மணிக்கு விலை போடத் தெரிந்துகொண்டவர் பிரட்டுக் களத்திலும் சும்மா இருப்பதில்லை. சென்ற ஆண்டு மழை நாட்களின் கணக்கில் விளக்கம் கேட்டு அலுவலகத்துக்கு வந்தவர்களில் முன்னால் நின்றவர்கள் யார் தெரியுமா? இந்தப் பூ மேசைக்காரிகள்தாம். பெரியவர் ஐயா, உங்கள் கேள்விக்குப் பாதிப் பதில் இதில் இருக்கிறது.

மறுபாதி நிலத்தில் இருக்கிறது.

லயத்துக்குப் பின்னால் ஓடை வரைக்கும் உள்ள காய்கறி நிலம் நமக்கு யாரோ தயவாகக் கொடுத்தது என்று இளைஞர்கள் நினைக்கிறார்கள். வரலாறு வேறு. வெள்ளைக்காரன் காலத்திலேயே, 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டக் கோவையில், குடும்பம் வைத்திருக்கும் ஒவ்வொரு தோட்டத் தொழிலாளிக்கும் ஏக்கரில் பதினாறில் ஒரு பங்கு நிலம் பயிருக்கும் மேய்ச்சலுக்கும் ஒதுக்கும் விதி இருந்தது. ஏறத்தாழ 2,700 சதுர அடி. நம் பாட்டன்மார் அதில் மாடு கட்டினார்கள். பூசணியும் அவரையும் படரவிட்டார்கள். 1942 முதல் 1945 வரை ஜப்பானியர் ஆட்சியில் அரிசி வரத்து நின்று, கித்தாப் பாலுக்கு வாங்குவார் இல்லாதபோது, ஆண்களைச் சயாம் ரயில் பாதைக்குக் கொண்டுபோனபோது, லயத்தில் எஞ்சியவர்களின் உயிரைப் பிடித்து வைத்தது மரவள்ளிக் கிழங்கு. அந்தக் கிழங்கு விளைந்த மண்ணைப் பற்றித்தான் பேசுகிறோம்.

இப்போது நிர்வாகம் அந்தப் பின்புற நிலத்தைச் செம்பனை நாற்றுப் பண்ணைக்கு எடுத்துக்கொள்ளலாமா என்று யோசிக்கிறது. வாய்மொழியாகச் செய்தி வந்திருக்கிறது, கடிதம் வரவில்லை. "பாதி நிலம் காடு மண்டித்தானே கிடக்கிறது" என்பது அவர்கள் எடுத்து வைக்கும் காரணம். அந்தக் காரணத்தைக் கொடுத்தவர்கள் யார்? வேலைக்குப் பிறகு அசதியில் படுத்துவிட்ட நாம் எல்லாரும்தான் என்று சிலர் பழி சொல்கிறார்கள். விடியுமுன் எழுந்து மலையேறி இறங்கியவனை அசதிக்காகக் குறை சொல்ல எங்களுக்கு மனம் வரவில்லை. ஆனால் இந்த இரண்டு மாதம் வெட்டு குறைவு. கை கொஞ்சம் ஓய்வாக இருக்கிறது. பாத்தி கட்டிய நிலத்தை எடுப்பது கடினம். புதர் மண்டிய நிலத்தை எடுப்பது எளிது. எந்தத் தோட்டத்திலும் இதுதான் நடப்பு. கிளை சார்பில் நிர்வாகத்துக்குக் கடிதம் கொடுத்துவிட்டோம். எந்தெந்தக் குடும்பம் எவ்வளவு நிலத்தில் என்ன பயிர் வைத்திருக்கிறது என்று அளந்து வரைபடம் ஒன்றும் இணைத்திருக்கிறோம். பதில் எழுத்தில் வேண்டும் என்றும் கேட்டிருக்கிறோம்.

இனிப் பயிர் முறை. கெடாவில் தை, மாசி வறண்ட மாதங்கள். இப்போது விதை போட்டுவிட்டுக் குடத்தில் நீர் சுமந்து முதுகை ஒடித்துக்கொள்ள வேண்டாம். இந்த மாதங்கள் மண்ணுக்கு உரியவை. புதர் வெட்டி, பாத்தி உயர்த்தி, சருகையும் சாணத்தையும் அடுக்கடுக்காய்க் குழியில் போட்டு மக்கவையுங்கள். கித்தா இலை மெதுவாகத்தான் மக்கும்; இடித்தோ நறுக்கியோ போட்டால் விரைவு. சித்திரை மழை விழும்போது விதை. கன்றுக் காட்டில் வரிசைகளுக்கு நடுவே மூடுபயிர் கொடியை ஏன் விடுகிறார்கள் என்று உங்களுக்குத் தெரியும். அந்தக் கொடியின் வேர் முடிச்சு மண்ணுக்குத் தழைச்சத்து சேர்க்கிறது. அதே குலத்தைச் சேர்ந்ததுதான் பயற்றங்காய். ஆகவே ஒரு பாத்தியில் இந்தத் தடவை பயறு, அடுத்த தடவை கத்தரியோ மிளகாயோ என்று மாற்றி வையுங்கள். துரைமார் நிலத்துக்குச் செய்யும் வைத்தியத்தை நம் நிலத்துக்கும் செய்வோமே!

ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்கிறோம். களைமருந்து வந்த தோம்பை வெட்டித் தொட்டியாக்கும் வழக்கம் இன்னும் இருக்கிறது. பாராகுவாட் 2020 ஜனவரி முதல் நாள் தொடங்கி இந்த நாட்டில் தடைசெய்யப்பட்டது. ஆனால் பழைய தோம்புகள் எத்தனை வீட்டுப் பின்புறத்தில் உருண்டு கிடக்கின்றன! மருந்து எதுவானாலும் சரி, அந்தத் தோம்பில் குடிநீரும் வேண்டாம், கீரையும் வேண்டாம். அதோடு, கவிழ்க்காத மங்கிலும் தேங்காய்ச் சிரட்டையிலும் மழைநீர் நின்றால் டிங்கிக் கொசு முட்டையிடும். வகுப்புக்கு வரும் வழியில் கண்ணில் பட்டதைக் கவிழ்த்துவிட்டு வாருங்கள்.

சமையல் வகுப்பைப் பற்றி அதிகம் பேசவில்லை. நம் தாய்மாருக்குக் குழம்பு வைக்கக் கற்றுக்கொடுக்க நாங்கள் யார்? அங்கே நடப்பது கொடுக்கல் வாங்கல். ஜாவாவிலிருந்து வந்த சகோதரி ஒருவர் தெம்பே செய்து காட்டினார். சோயா மொச்சையை இரவெல்லாம் ஊறவைத்து, தோல் நீக்கி, வேகவைத்து, ஈரம் போக உலர்த்தி, ஆறியபின் தெம்பேக்குரிய ராகியைத் தூவி, வாழையிலையில் பொட்டலம் கட்டி வைத்தால், ஒன்றரை இரண்டு நாளில் வெள்ளைப் பூஞ்சை பூத்து ஒரே கட்டியாகிறது. ராகி என்றதும் நம் பாட்டிமார் கேழ்வரகை எடுத்து வந்துவிட்டார்கள்! மலாய் மொழியில் அது புளிக்கவைக்கும் மாவுக்குப் பெயர். சிரித்து முடித்தபின், அதே கேழ்வரகில் கூழ் காய்ச்சி அந்தச் சகோதரிக்கு ஊற்றினோம். இறைச்சி விலை ஏறும்போது தெம்பேச் சம்பால் நல்ல துணை. பகாங் மாநிலத்து மலாய்க்காரர்கள் கித்தா விதையையே பக்குவம் செய்து 'ஆசாம் ரோங்' என்று சமைக்கிறார்கள். ஆனால் கித்தா விதையில் நஞ்சு உண்டு. அந்தப் பக்குவம் பழகிய கைக்குத்தான் வரும். தெரியாமல் எவரும் முயல வேண்டாம். மரவள்ளியிலும் கசப்பு வகை உண்டு. தோலைச் சீவி, நிறைய நீரில் திறந்த பானையில் நன்றாக வேகவைத்து, அந்த நீரைக் கொட்டிவிடுங்கள்.

கீரையில் இரும்புச் சத்து இருக்கிறது. ஆனால் சோறு உண்ட கையோடு தேநீர் குடித்தால் அதில் பெரும்பகுதி உடம்பில் சேராது. கஸ்தூரி எலுமிச்சை பிழிந்து உண்டால் நன்கு சேரும். சோகை பிடித்து முகம் வெளுத்த தாய்மார் நம்மிடையே இருக்கிறார்கள். இனிப்புப் பாலை இரண்டு கரண்டி ஊற்றிய தேநீரும், நீரிழிவுக்கு மாத்திரையும் ஒரே மேசையில் இருக்கும் வீடுகளும் இருக்கின்றன. இதைப் பேச மருத்துவ உதவியாளர் ஒருவர் வருவதாக ஒப்புக்கொண்டிருக்கிறார். ஆண்களும் வர வேண்டும். சென்ற முறை வெங்காயம் உரிக்க வந்த நான்கு ஆண்களும் இன்று முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்கள். பெயர் சொல்லி வெட்கப்படுத்த மாட்டோம்.

கடைசியாக, மனத்தை அழுத்தும் ஒன்று. இந்தத் தோட்டம் என்றும் இப்படியே இருக்கும் என்று எவராலும் உறுதி தர முடியாது. பி.பி. என்று தொடங்கும் ஒட்டுமர வகைகளை நீங்கள் வெட்டியிருப்பீர்கள். அந்த இரண்டு எழுத்து பிராங் பெசார் தோட்டத்தின் பெயர். அங்கே பிறந்த மரம் அது. 1995இல் அந்தத் தோட்டமும் சுற்றியிருந்த தோட்டங்களும் இருந்த இடத்தில் புத்ராஜெயா நகரம் எழத் தொடங்கியது. அங்கே வாழ்ந்த நம் மக்கள் டிங்கில் பக்கத்து அடுக்குமாடி வீடுகளுக்குப் பெயர்ந்தார்கள். மாடும் பாத்தியும் மாடிப்படி ஏறவில்லை. அதற்கும் முன்னால், தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்ட காலத்தில், 1960இல், துன் வீ.தி. சம்பந்தன் அவர்கள் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியபோது, பால்வெட்டுவோர் தவணை தவணையாகப் பணம் கட்டி இதே கெடாவில் புக்கிட் சீடிம் தோட்டத்தை வாங்கினார்கள். கூடிச் சேர்ந்து கணக்கு வைக்கத் தெரிந்தவர்கள் அவர்கள். ஆயக் கொட்டகைச் சுவரில் தொங்கும் அந்த நோட்டைப் பார்க்கும்போதெல்லாம் எங்களுக்கு அவர்கள் நினைவுதான் வருகிறது.

நிர்வாகம் தானே வகுப்புகளை நடத்தித் தருவதாகவும், தையல் இயந்திரம் வாங்கித் தருவதாகவும் சொல்லியிருக்கிறது. இயந்திரத்தை நன்றியோடு வாங்கிக்கொள்வோம். ஆனால் வகுப்பை நடத்துவது கிளையின் மாதர் குழுதான். என்ன கற்பது, எப்போது கூடுவது, விற்ற பணத்தை என்ன செய்வது என்பதையெல்லாம் வருகிறவர்கள் கை தூக்கித் தீர்மானிப்பார்கள். இயந்திரத்துக்கும் பின்புற நிலத்துக்கும் முடிச்சுப் போட்டுப் பேசினால், இயந்திரம் வேண்டாம் என்று சொல்லிவிடுவோம். இதைத் தீர்மானமாக இன்று உங்கள் முன் வைக்கிறோம். ஏற்பவர்கள் கை தூக்குங்கள். மறுப்பவர்கள் எழுந்து காரணம் சொல்லுங்கள். பெரியவர் ஐயா, முதலில் உங்கள் பேச்சைக் கேட்கக் காத்திருக்கிறோம்.

ஓட்டெடுப்பு முடிந்தபின் மற்ற விவரம். வரும் ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு நிலம் திருத்தும் வேலை. மண்வெட்டியும் பராங்கும் அவரவர் கொண்டு வர வேண்டும். சாணம் கோயில் மாட்டுக் கொட்டகையிலிருந்து வருகிறது. இலைப் பூ வகுப்புக்கு முழு இலையாக ஒரு சாக்கு சேர்த்து வையுங்கள், வாளிக்கு மூடி மறவாதீர்கள். சமையல் வகுப்பு அன்று பிற்பகல். பிள்ளைகளை ஆயா பார்த்துக்கொள்வார். மதியச் சோறு பொதுவில். வெங்காயம் உரிக்க ஆள் தேவை.